இஞ்ஞாசி ஏறிய இரும்புக் கப்பல்

11 ஜனவரி 2016, திங்கள்

இன்று காலை பத்தேகால் மணிக்கு எங்கள் வரலாற்றுத் துறையின் அறிவிப்புப் பலகையில் என் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தேன். தலைப்பு என்னுடையது. கப்பலின் படம் நான் தேர்ந்தெடுத்தது. ஆசிரியர் பெயர் மட்டும் முனைவர் ப. சிற்சபேசன் என்றிருந்தது.

நான் கோபப்படவில்லை. பலகையின் கண்ணாடியில் தூசி இருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மீண்டும் வாசித்தேன். 'இரும்பு உடுத்திய கப்பல்: குளுவாரின் வரலாறு.' வெளியீட்டு விழா பிப்ரவரி பன்னிரண்டு, கல்லூரிக் கலையரங்கம். அனைவரும் வருக.

குளுவார் 1859 நவம்பரில் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்டது. ஆழ்கடலில் செல்லும் போர்க்கப்பல்களில் முதன்முதலாக இரும்புக் கவசம் பூண்டது அதுதான். அதைப் பற்றித் தமிழில் எழுத ஒன்பது ஆண்டுகள் செலவிட்டேன். பன்னிரண்டு இயல்கள். நம்மவர் வழக்கப்படி துறைத்தலைவரின் அணிந்துரை வேண்டுமே என்று இரண்டாண்டுகளுக்கு முன் தட்டச்சுப் பிரதியைச் சிற்சபேசனிடம் கொடுத்தேன். என்னைவிட ஆறு வயது இளையவர். கப்பல் என்று அவர் அறிந்தது ஊசுட்டேரியில் மிதித்து ஓட்டும் படகு ஒன்றைத்தான். கேட்டபோதெல்லாம் "படிச்சுக்கிட்டே இருக்கேன் சார்" என்றார். படித்து முடித்துவிட்டார் போலும்.

அவருடைய அறைக்குச் சென்றேன்.

"வாங்க சார், உங்களத்தான் நெனச்சேன். அட்டை பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி சார் இருக்கு?"

"கப்பல் நல்லாருக்கு. நான் உங்ககிட்ட ஒரு பிரதி குடுத்திருந்தேன்."

"ஆமா சார், அதுலேருந்துதான் ஒரு ஐடியா கெடச்சுது. முன்னுரையில உங்களுக்கு நன்றி போட்டிருக்கேன். ஏழாவது பேரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், ஒரு உரிமையில கேக்குறேன். அணிந்துரை நீங்கதான் தரணும். இந்த சப்ஜெக்ட்ல உங்கள விட்டா புதுச்சேரியில ஆளே கிடையாது."

தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கிரீமியப் போர் குறித்து வகுப்பெடுத்தேன். ஒரு தேதியைக்கூடத் தவறாகச் சொல்லவில்லை.

12 ஜனவரி, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. தெருமுனை இஸ்திரிக்காரர் என் வெள்ளைச் சட்டையின் காலரில் பழுப்புக் கறை ஏற்படுத்திவிட்டார். ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். இந்த வாரம் என் சினத்தைச் சிறு காரியங்களில் செலவழிப்பதாக இல்லை.

13 ஜனவரி, புதன்

எஸ்தெலிடம் சொன்னேன். என் மனைவி ஒரு பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பிரெஞ்சு கற்பிக்கிறாள். அவள் குடும்பத்தார் மூன்று தலைமுறையாக வீட்டில் பாதி நேரம் அம்மொழியில்தான் சண்டையிடுகிறார்கள்.

"எந்தப் புத்தகம்? நம்ம புத்தகமா?"

என்னுடைய காரியங்களை 'நம்ம' என்று சொல்வது அவளுடைய பெருந்தன்மை. அவளுக்கும் ஓரளவு பங்கு உண்டு, மறுக்கவில்லை. என் ஆய்வு முறை எளியது. ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பூசை, சமையல் எல்லாம் முடிந்து அவள் ஓய்வாக இருக்கும்போது, தூலோனிலிருந்து தருவித்த ஆவணப் படிகளை அவள் வாசித்துத் தமிழில் சொல்வாள். நான் எழுதிக்கொள்வேன். பிறகு அதை வரலாறாக ஆக்குவது என் வேலை. நன்றியுரையில் 'தேநீர் தந்து உற்சாகமூட்டிய துணைவியாருக்கு' என்று தனி வரி கொடுத்திருக்கிறேன். சிற்சபேசன் அந்த வரியை எடுத்திருப்பார்.

"எடுக்கலன்னா அவரு பெண்டாட்டிக்குப் போயிருக்கும்" என்றாள். "அலோர், என்ன பண்ணப்போறீங்க?" 'அப்படியானால்' என்பது அவள் வாயில் பிரெஞ்சில்தான் வரும்.

"அணிந்துரை எழுதப்போறேன்."

நம் வீட்டில் எப்போதும் காப்பிதான் போடுகிறோம் என்றாள்.

17 ஜனவரி, ஞாயிறு

பொங்கல் விடுமுறையில் நிதானமாக யோசித்தேன். கல்லூரி முதல்வரிடம் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் குழு அமைப்பார்கள், குழு தேநீர் அருந்தும், நான் ஓய்வு பெறுவேன். குளுவாரை வடிவமைத்த பொறியாளர் இதைவிடப் பெரிய இடரைச் சந்தித்தவர். உடல் முழுவதையும் இரும்பால் கட்டவே அவர் விரும்பினார். அவ்வளவு இரும்பு வார்க்க அன்றைய பிரான்சின் ஆலைகளால் இயலவில்லை. ஆகவே மரத்தால் கட்டி, அதன்மேல் பன்னிரண்டு சென்டிமீட்டர் கனத் தகடுகளைப் பூட்டினார். இருப்பதைக் கொண்டு கட்டினார். என்னிடம் இருப்பது அணிந்துரை.

நாளிதழில் செய்தி வந்துவிட்டது. 'உலகின் முதல் இரும்புப் போர்க்கப்பலில் காரைக்கால் தமிழர்: பேராசிரியர் கண்டுபிடிப்பு.' இது ஏழாம் இயல். என் நூலின் மணிமுடி. எட்டுக் கொதிகலன்களுக்கும் கரி அள்ளிப்போட்ட இஞ்ஞாசி என்னும் தமிழனைப் பதினான்கு பக்கங்களில் உயிர்ப்பித்திருக்கிறேன். வெடிக்கவிருந்த கொதிகலன் முன் அவன் தனியே நின்று வால்வைத் திருகிய இடத்தைத் தட்டச்சு செய்த பெண் அழுததாகச் சொன்னாள். காரைக்காலில் அவனுக்குச் சிலை வைக்க வேண்டும் என்று ஒரு நற்பணி மன்றம் இதற்குள் கோரிக்கை விடுத்துள்ளது.

சிற்சபேசன் படித்தது அந்த ஓர் இயலை மட்டுமே என்பது உறுதி. பேட்டியில் கப்பலின் நீளத்தை எழுநூற்று எண்பது மீட்டர் என்று கூறியிருக்கிறார். எழுபத்தெட்டு.

20 ஜனவரி, புதன்

அணிந்துரையின் முதல் வரைவு முடிந்தது. 'இந்நூல் எழுதப்பட்ட விதத்தை நான் மிக அருகிலிருந்து அறிவேன்' என்று தொடங்குகிறது. 'இதன் ஒவ்வொரு வரியும் எனக்கு முன்பே பழக்கமானதுபோல் தோன்றியது' என்று வளர்கிறது. விழா மேடையில் எழுந்து, இஞ்ஞாசி குறித்த மூல ஆவணத்தின் கட்டு எண் என்ன, பக்க எண் என்ன என்று நூலாசிரியரைக் கேட்பேன். அவர் விழிப்பார். நான் பையிலிருந்து அந்தப் பக்கத்தின் படியை எடுத்துக் காட்டுவேன். அவ்வளவுதான். குரலை உயர்த்தப்போவதில்லை.

24 ஜனவரி, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை நான்கு மணி. எஸ்தெல் தேய்த்து வந்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எஸ்தெல், இஞ்ஞாசி வர்ற பக்கம் எந்தக் கட்டுல இருக்கு?"

"எந்த இஞ்ஞாசி?"

"கப்பல்ல கரி அள்ளின இஞ்ஞாசி."

"ஓ, அவரா. அவரு எந்தக் கட்டுலயும் இல்ல."

"தொலஞ்சுபோச்சா?"

"இருந்தாத்தானே தொலையறதுக்கு."

நான் நாற்காலியில் அமர்ந்தேன். அவள் ஒரு புடவையை மடித்து முடித்த பிறகே தொடர்ந்தாள்.

"அன்னிக்கு நீங்க பாதி தூக்கத்துல இருந்தீங்க. பேனா மட்டும் ஓடிக்கிட்டிருந்துது. நான் எதச் சொன்னாலும் எழுதுவீங்களான்னு பாக்கலாம்னு தோணுச்சு. சும்மா 'காரைக்கால்காரன் ஒருத்தன் கரி அள்ளினான்'னு சொன்னேன். எழுதிட்டீங்க. சரி, அடுத்த வாரம் 'அந்தப் பக்கத்தக் காட்டு'ன்னு கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க கேட்டது, 'அவனப் பத்தி இன்னும் ஏதாச்சும் இருக்கா'ன்னு. அலோர், இன்னும் கொஞ்சம் சொன்னேன்."

"பதினாலு பக்கம் எஸ்தெல்."

"நீங்கதான் கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"கொதிகலன் வெடிக்க இருந்தப்ப அவன் தனியா நின்னு..."

"அது ஈஸ்டர் ஞாயிறு. நல்ல மூடுல இருந்தேன்."

எப்போது சொல்வதாக இருந்தாய் என்று கேட்டேன். குரல் சமநிலையில்தான் இருந்தது.

"அவருகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒருதரம் படிக்கக் குடுப்பீங்க, அப்ப அடிச்சுடலாம்னு நெனச்சேன். குடுக்கல. நேரா டைப்புக்குப் போச்சு, நேரா சிற்சபேசன்கிட்ட போச்சு."

"இஞ்ஞாசிங்கற பேரு எங்கேருந்து வந்துது?"

அவள் என் வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இதத் தேய்க்கிறவரு பேரு. பதினோரு வருஷமா கரிப்பெட்டியோட நம்ம முனையில நிக்கிறாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஆனால் அது இங்கே பொருட்டன்று.

25 ஜனவரி, திங்கள்

பேசவில்லை. துணி கொடுக்க நான் போகவில்லை.

27 ஜனவரி, புதன்

இரண்டு நாள் யோசனைக்குப் பின் தெளிவு பிறந்தது. பிப்ரவரி பன்னிரண்டில் அந்தப் புத்தகம் என்னுடையது என்று நான் நிரூபித்தால், இஞ்ஞாசியும் என்னுடையவன் ஆகிவிடுவான். மாறாக, அதைத் தொடாமல் நின்றால் இஞ்ஞாசி முழுமையாக, சட்டப்படி, நிரந்தரமாகச் சிற்சபேசனுக்கே சொந்தம். விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அவர் அழைத்திருப்பது திருமதி கெரூவெல் என்னும் பிரெஞ்சு அம்மையாரை. குளுவாரின் மாலுமிப் பட்டியல்களிலேயே பதினான்கு ஆண்டுகளைக் கழித்த ஆய்வாளர். சிற்சபேசனோ யார் பெயரைச் சொன்னாலும் தலையசைத்து அழைத்துவிடுகிற மனிதர். தன் தூக்குமேடைக்குத் தானே விருந்தினர் பட்டியல் தயாரித்திருக்கிறார்.

பழைய வரைவைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். சில வரிகளை இங்கே படியெடுத்து வைக்கிறேன், ஏனெனில் இவ்வளவு நன்றாக நான் எழுதி நாளாயிற்று:

'தமிழர் கடல்வரலாற்றில் ஏழாம் இயல் ஒரு திருப்புமுனை. இஞ்ஞாசியைக் கண்டடைந்த பெருமையில் இம்மியளவும் பிறருக்குப் பங்கில்லை. சிற்சபேசன் கண்ட இஞ்ஞாசியை அவருக்கு முன் எவரும் கண்டதில்லை. இனியும் எவரும் காணப்போவதில்லை.'

பிற்பகல் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"சார், கண்ணு கலங்கிடுச்சு சார்."

"எனக்கும் எழுதறப்ப அப்படித்தான் இருந்துது."

மாலையில் எஸ்தெலுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். பிறகு, "அப்ப மத்த பதினோரு இயல்?" என்றாள்.

"மூழ்கட்டும். அவரோட சேந்து மூழ்கட்டும்."

"தகட்டுக்கு எத்தன போல்ட்டுன்னு நான் எண்ணினது?"

"எஸ்தெல், இது போர்த்தந்திரம்."

"அந்த ஒன்பது வருஷ ஞாயித்துக்கிழமையில என் தங்கச்சி வீட்டுக்கு எத்தன தரம் போனேன் தெரியுமா? நாலு தரம்."

அவள் எழுந்து சென்று பாத்திரம் துலக்கினாள். வேலைக்காரப் பெண் காலையிலேயே துலக்கி வைத்தவை அவை.

3 பிப்ரவரி, புதன்

மோட்டார் சரியாயிற்று.

12 பிப்ரவரி, வெள்ளி

கலையரங்கில் ஏறக்குறைய இருநூறு பேர். மேடையில் முதல்வர், திருமதி கெரூவெல், சிற்சபேசன், நான். மூன்றாம் வரிசையில் எஸ்தெல். பொன்னாடைகள், குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து. சிற்சபேசன் தன் உரையில் இஞ்ஞாசியை 'நம் அனைவரின் கொள்ளுத்தாத்தா' என்றார். நற்பணி மன்றத்தினர் விசிலடித்தனர். சிலையின் மாதிரியைக் கொண்டுவந்திருந்தார்கள். கையில் கரி அள்ளும் அகப்பை. பாதத்தில் செருப்பு, 1860இல்.

திருமதி கெரூவெல் அறுபது வயதிருக்கும், மெலிந்தவர், சிரிக்காதவர். ஆங்கிலத்தில் பேசினார். நூலின் சுருக்கத்தைப் படித்ததாகவும், தொழில்நுட்பச் செய்திகள் வியக்கத்தக்க துல்லியம் கொண்டவை என்றும், ஒரேயொரு ஐயம் உண்டு என்றும் சொன்னார். ஐந்நூற்று எழுபது பேர் கொண்ட பட்டியலைத் தாம் அறிவார். அதில் இஞ்ஞாசி இல்லை. மூலம் எது?

நான் இந்தக் கணத்திற்காகப் பதினாறு நாள் காத்திருந்தேன்.

சிற்சபேசன் ஒலிவாங்கியைப் பிடித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நல்ல கேள்வி. இந்தப் பகுதியில எனக்கு வழிகாட்டியா இருந்தவரு, இங்க அடக்கமா ஒக்காந்திருக்கிற எங்க அருள்நேசன் சார். மூலத்தப் பத்தி அவரே சொல்றதுதான் மரியாதை."

கைதட்டல். நான் எழுந்தேன்.

"துறைத்தலைவரின் பெருந்தன்மை நாடறிந்தது" என்றேன். "ஆனால் இஞ்ஞாசியைக் கண்டவர் அவர் ஒருவரே. அணிந்துரையில் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்."

"சார் எப்பவுமே இப்படித்தான். தன் உழைப்ப அடுத்தவனுக்குக் குடுத்துடுவாரு."

"கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். இஞ்ஞாசியை மட்டும் நான் கொடுக்கவும் இல்லை, அவர் எடுக்கவும் இல்லை. அவரே கண்டுபிடித்தார்."

"சார் இல்லன்னா நான் இல்ல சார்."

இப்படியே ஆறேழு முறை இஞ்ஞாசியை ஒருவருக்கொருவர் மாலைபோல் அணிவித்தோம். அவையோர் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருமதி கெரூவெல் பொறுமையிழந்து பிரெஞ்சுக்கு மாறினார். எங்கள் இருவரையும் நோக்கி நீளமாக எதையோ கேட்டார். சிற்சபேசன் தலையசைத்தார். நானும் அசைத்தேன். அது கேள்வி என்பதும், அசைத்தது பதிலாகாது என்பதும் சற்று தாமதமாகத்தான் விளங்கிற்று.

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து எஸ்தெல் விடை சொன்னாள்.

எழுந்துகூட நிற்கவில்லை. மடியில் கைப்பையை வைத்தபடி பேசினாள். அந்த அம்மையார் மேடையின் விளிம்புக்கு வந்தார். பிறகு படியிறங்கி அவளருகே போய் அமர்ந்துவிட்டார். இடையிடையே எண்கள் எனக்குக் கேட்டன. கவசத்தின் கனம் என்று நினைக்கிறேன், பீரங்கிகளின் எண்ணிக்கையாகவும் இருக்கலாம். எஸ்தெல் தாள் எதையும் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் அவள் என் திசையில் கையைக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். சிரிக்காத அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். இருபது நிமிடங்கள். இருநூறு பேரும் ஒன்றும் விளங்காமல், மிக மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதல்வர் கேட்டார்: "மேடம், சபைக்கும் கொஞ்சம் சொல்லலாமே?"

"ஒண்ணுமில்ல சார். கரி பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

நன்றியுரை, நாட்டுப்பண். புகைப்படக்காரர் சிற்சபேசனையும் என்னையும் தோளோடு தோள் நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

13 பிப்ரவரி, சனி

அந்த அம்மையாரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா?"

"இஞ்ஞாசிய நான் செஞ்சேன்னு. மிச்சத்த நான் படிச்சேன்னு. எந்தக் கட்டு, எந்தப் பக்கம்னு அவங்க கேட்டாங்க. சொன்னேன்." காப்பியை என் முன் வைத்தாள். "அவங்க மட்டும்தான் கேட்டாங்க."

16 பிப்ரவரி, செவ்வாய்

திருமதி கெரூவெல் முதல்வருக்குக் கடிதம் எழுதிவிட்டார். மூவர் குழு அமைக்கப்பட்டுள்ளது. சிற்சபேசனுக்கும் எனக்கும் ஆளுக்கொரு படிவம் வந்தது. 'இந்நூல் முழுவதும் என் சொந்த ஆய்வின் விளைவு என்றும், மூல ஆவணங்களை நானே நேரில் பயின்றேன் என்றும் உறுதியளிக்கிறேன்.' கீழே கையொப்பமிடக் கோடு. இட்டுக் கொடுத்தால் சிற்சபேசன் முடிந்தார். தட்டச்சுப் பிரதி, தூலோன் படிகளுக்கான தேதியிட்ட அஞ்சல் ரசீதுகள், தட்டச்சு செய்த பெண்ணின் சாட்சியம், அனைத்தும் என்னிடம் உள்ளன. இஞ்ஞாசி ஒரு தழும்பாக என்மேல் ஒட்டிக்கொள்வான், அவ்வளவுதான். மற்றவை எனக்குத் திரும்பிவிடும்.

படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் எஸ்தெல் எதிரே விரித்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள்.

"போடுங்க கையெழுத்து" என்றாள்.

பேனாவில் மை தீர்ந்துவிட்டிருந்தது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

குளுவார் தன் இருபதாண்டுச் சேவையில் எவ்வளவு நேர்த்தியாகப் பயிற்சி செய்தது, எவ்வளவு அணிவகுப்புகளில் முன்னே சென்றது என்பதெல்லாம் ஒன்பதாம் இயலில் உள்ளது. ஒருமுறைகூடப் போரிடவில்லை. 1879இல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதன் உடன்பிறந்த கப்பல்கள் இரண்டும் அதற்கு முன்பே போய்விட்டன. இரும்பு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த மரம் பத்தாண்டுகளில் உளுத்துவிட்டது.

இதை ஏன் இன்று எழுதினேன் என்று தெரியவில்லை. தகவலுக்காக.

18 பிப்ரவரி, வியாழன்

பேனாவில் இன்னும் மை நிரப்பவில்லை.

21 பிப்ரவரி, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு எஸ்தெல் மேசையைத் துடைத்து, வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் சொல்றேன். நீங்க எழுதுங்க. எனக்கு மனுத் தமிழ் வராது."

"என்ன மனு?"

"குழுவுக்கு. புகார் மனு. என் ஒழைப்ப எடுத்துக்கிட்டாங்கன்னு."

இதன் அனுகூலத்தை உடனே உணர்ந்தேன். நான் கையொப்பமிட வேண்டியதில்லை. மூன்றாம் தரப்பு ஒன்று, அதுவும் மூலத்தை அறிந்த தரப்பு, சிற்சபேசனை நேரடியாகத் தாக்குவது எல்லா வகையிலும் வலுவானது. ஒப்புக்கொண்டேன். இது முற்றிலும் தந்திர நோக்கிலான முடிவு.

அவள் சொன்னாள். நான் எழுதினேன். 2005 முதல் 2013 வரை, ஞாயிறுதோறும், இத்தனை கட்டுகள், இத்தனை பக்கங்கள். எண்ணிக்கையைச் சொன்னபோது பேனா ஒரு கணம் நின்றது. நான்காயிரத்து இருநூறு பக்கங்கள். நான் ஆயிரம் என்றே எண்ணியிருந்தேன்.

"முதல் எதிர்மனுதாரர்" என்றாள். "முனைவர் சிற்சபேசன். 'திருடினார்'னு போடுங்க."

போட்டேன். மனநிறைவோடு, தடித்த எழுத்தில்.

"ரெண்டாவது எதிர்மனுதாரர்."

"யாரு?"

"எழுதுங்க. முனைவர் சூ. அருள்நேசன்."

தெருவில் ஒரு குல்ஃபி வண்டியின் மணி ஒலித்துச் சென்றது.

"என்ன ஏன் ரெண்டாவதா போட்டே?" என்றேன். அந்தச் சமயத்தில் அதுதான் கேட்க வந்தது.

"முதல்ல போடவா?"

"வேணாம்."

"அவருக்குத் 'திருடினார்'. உங்களுக்கு என்ன வார்த்த போடலாம், நீங்களே சொல்லுங்க. நீங்கதான் நல்லா எழுதறவரு."

'பயன்படுத்திக்கொண்டார்' என்று முன்மொழிந்தேன். கூடாது என்றாள், காப்பித்தூளைத்தான் பயன்படுத்துவார்கள். 'குறிப்பிடத் தவறினார்' என்றேன். மறதிக்காரர்போல் இருக்கிறது என்றாள். நாற்பது நிமிடம் விவாதித்தோம். இறுதியில் 'மறைத்தார்' என்று முடிவாயிற்று. துல்லியமான சொல் என்பதை மொழியறிந்தவன் என்ற முறையில் நான் மறுக்க இயலவில்லை. எழுதினேன்.

தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். கையொப்பமிட்டாள். அவள் கையொப்பத்தை இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. எஸ்தெல் என்பதன் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு பாய்மரம்போல் மேலெழுகிறது.

4 மார்ச், வெள்ளி

குழு இன்று கூடியது. முதல்வர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. நான் போனபோது சிற்சபேசன் அமர்ந்திருந்தார். எழுந்து வணங்கி, இடம் விட்டு, மீண்டும் அமர்ந்தார். முதலில் எஸ்தெலை அழைத்தார்கள். நாற்பது நிமிடமாயிற்று. உள்ளே அவள் குரல், பிறகு அமைதி, பிறகு மூன்று ஆண்களின் சிரிப்பு, மறுபடி அவள் குரல்.

"சார், உள்ள என்ன சொல்லிக்கிட்டிருப்பாங்க?"

"உண்மைய."

"அப்ப நமக்குக் கஷ்டந்தான் சார்."

சட்டைப்பையிலிருந்து ஏலக்காய் மிட்டாயை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். தானே பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சார், ஒண்ணு சொல்லவா, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள போனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிடலாம். அவங்க படிச்சாங்க, நீங்க எழுதினீங்க. நீங்க எழுதினீங்க, நான் அச்சுப் போட்டேன். யோசிச்சுப் பாத்தா உங்களுக்கும் எனக்கும் ஒரு படி தானே சார் வித்தியாசம்?"

அவர் குரலில் ஏளனம் இல்லை. அதுதான் பொறுக்க இயலாததாக இருந்தது. உண்மையாகவே ஆறுதல் சொல்கிற தோரணையில், ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டிலில் கிடப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார். இருபத்தெட்டு ஆண்டுகள் விரிவுரை நிகழ்த்தியவன் நான். அந்த ஒரு படியின் உயரம் எவ்வளவு என்று அவருக்கு விளக்கத் தகுந்த வாக்கியம் ஒன்றைத் தேடினேன்.

கதவு திறந்தது. எஸ்தெல் வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் ஒருசேரப் பார்த்தாள். கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ரெண்டு பேரையும் சேந்தாப்புல வரச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சிற்சபேசன் எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, எனக்கு வழி விட்டார். "மொதல்ல நீங்க சார்" என்றார். "சீனியர் நீங்க."